ஆறெல்லை வீடு: அடுக்ககம் வாங்க எண்ணும் எம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருமுக்கூடல்,
தை மாதம்.

ஒரகடம், திருப்பெரும்புதூர், மறைமலைநகர் முதலிய இடங்களில் உத்தியோகம் பார்த்து, பட்டணத்து ஓரத்தில் அடுக்குமாடி வீடு வாங்க எண்ணியிருக்கும் எம்மூர்த் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைமீது எழுந்தருளி, அங்கிருந்து பாலாற்றைக் கடந்து நம் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வந்த பரிவேட்டை உற்சவத்தில், ஆண்டெல்லாம் காணக் கிடைக்காத உங்கள் முகங்களை ஒருசேரக் கண்டு மனம் குளிர்ந்தேன். புறப்பாட்டுக்காகக் காத்திருந்த வேளையில், பிராகாரச் சுவரில் சாய்ந்தபடி நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என் செவியிலும் விழுந்தது. ஒருவர் கூடுவாஞ்சேரியில் பதினொன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் படப்பைப் பக்கம் வாங்கி வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். கம்பெனி அனுப்பி இரண்டாண்டு ஜப்பானில் இருந்து திரும்பிய தம்பி, அந்நாட்டு நகரங்களில் நடுத்தரக் குடும்பங்கள் அடுக்ககத்தில் சௌக்கியமாகத்தானே குடியிருக்கின்றன, நாம் மட்டும் மனைக்கட்டையே பிடித்துக்கொண்டிருப்பானேன் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. மேளச் சத்தத்துக்கு நடுவே சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லாமையால், இம்மடலை எழுதத் துணிந்தேன்.

நான் 36 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஒரு மனைக்குக் கிரயப் பத்திரம் எழுதும்போது, சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் குறித்தபின், கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் தோட்டம் என்று நான்கெல்லையை வகுத்து, அதற்குட்பட்ட நிலமும், மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும், நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாணங்களும் உள்பட, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீர் என்று முடிப்பது எங்கள் தொழிலின் வழக்கம். முதன்முதலாக ஓர் அடுக்கக வீட்டுக்குப் பத்திரம் எழுத நேர்ந்த நாளை நான் மறக்கவில்லை. நான்கு திக்குகளையும் எழுதியபின், மேலே ஆறாம் மாடியின் தளம், கீழே நான்காம் மாடியின் கூரை என்று மேலும் இரண்டு எல்லைகளைச் சேர்த்துக்கொண்டேன்; பின்பு பழக்கத்தின் வேகத்தில் மரத்தையும் கிணற்றையும் எழுதப் போன பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மேலே மரம் வளர இடமில்லை. கீழே கிணறு தோண்ட இடமில்லை. ஆறு பக்கமும் பிறருடைய சொத்து. அப்படியானால் இந்த மனிதர் அரைக்கோடி ரூபாய் கொடுத்து வாங்குவது எதை என்று அன்று எனக்குள் எழுந்த கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

அந்தப் பத்திரத்தின் தபசிலை, அதாவது சொத்து விவரப் பட்டியலை, நிதானமாகப் படித்தால் விடை கிடைக்கும். முதல் தபசிலில் கட்டடம் நிற்கும் முழு நிலமும், அடுத்ததில் அந்நிலத்தில் உங்களுக்குரிய பிரிபடாத பாகமும், அதற்கடுத்ததில் உங்கள் வீட்டின் அளவும் இருக்கும். புரோக்கர்கள் யூ.டி.எஸ். என்று வாய்க்குள் முணுமுணுத்துக் கடந்துபோவது அந்த நடுத் தபசிலைத்தான். ஆனால் காலம் செல்லச் செல்ல மதிப்பு ஏறக்கூடியது அது ஒன்றே. நம் ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகளை உடைத்து, கிரஷரில் அரைத்து, ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி லாரியாக ஏற்றிச் செல்கிறார்களே, அவைதாம் சென்னையைச் சுற்றிலும் மாடிமேல் மாடியாக எழுந்து நிற்கின்றன. அந்த ஜல்லியும் சிமெண்டும் கம்பியும் கட்டிய நாள் தொட்டுத் தேய்ந்துகொண்டே வரும் வஸ்துக்கள். தேயாமல் நிற்பது அடியில் இருக்கும் மண். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடங்களுக்கு நிலப்பரப்பைப்போல் 2 மடங்கும், உயரமான அடுக்ககங்களுக்கு 3.25 மடங்கும் கட்டலாம் என்றிருப்பதால், 1,000 சதுர அடி வீட்டுக்கு முன்னதில் சுமார் 500 சதுர அடி மண்ணும் பின்னதில் சுமார் 300 சதுர அடி மண்ணுமே பங்காக வரும். மாடி உயர உயரக் காற்றும் காட்சியும் கூடும், மண் குறையும். காட்சிக்காக வாங்குகிறவர் காட்சிக்காக வாங்கலாம். ஆனால் மண் வாங்கியதாக அவர் மனப்பால் குடிக்கக் கூடாது.

இனி ஜப்பானுக்கு வருவோம். அந்நாட்டார் அடுக்ககத்தை ‘மான்ஷோன்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் மாளிகையைக் குறிக்கும் அச்சொல்லே நம் திருவல்லிக்கேணியில் பிரம்மசாரிகள் அறையெடுத்துத் தங்கும் மேன்ஷனாகவும், டோக்கியோவில் குடும்பங்கள் வாழும் கான்கிரீட் அடுக்ககமாகவும் ஆகியிருக்கிறது. அவர்கள் 1962-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கூட்டுடைமைக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டார்கள். பூகம்ப பூமியாகையால், 1981 ஜூன் மாதத்தில் கட்டட பலத்துக்குப் புதிய நியமம் வகுத்தார்கள். இன்றும் அங்கே பழைய வீடு பார்க்கப் போகிறவர், அந்தத் தேதிக்கு முன் அனுமதி பெற்றதா பின் பெற்றதா என்றுதான் முதலில் விசாரிக்கிறார். அவர்களுடைய வரிச் சட்டம் மரவீட்டுக்கு 22 ஆண்டும், கான்கிரீட் குடியிருப்புக்கு 47 ஆண்டும் ஆயுள் கணக்கிட்டுத் தேய்மானம் கழிக்கிறது. கட்டடத்துக்கும் மனிதரைப்போல் மூப்பு உண்டு என்பதை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்ட சமூகம் அது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் நிர்வாகக் கட்டணம் ஒன்றும், பழுதுபார்ப்புச் சேமிப்பு ஒன்றுமாக இரண்டு தொகைகள் செலுத்துகிறது. அந்தச் சேமிப்பைக்கொண்டு சுமார் 12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, விரிசல் அடைத்து, நீர்க்கசிவு தடுத்து, வர்ணம் பூசுகிறார்கள். அடுக்ககம் வாங்குவதானால் அதன் நிர்வாகத்தைப் பார்த்து வாங்கு என்று அந்நாட்டில் ஒரு வசனமே வழங்குகிறது.

அங்கும் தவறியவர்கள் உண்டு. டோக்கியோவில் 1972-இல் கட்டப்பட்டு உலகப் புகழ் பெற்ற நாககின் காப்ஸ்யூல் கோபுரம், 140 சிறு அறைக்கூடுகளை இரண்டு தூண்களில் பொருத்தி, 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடு எழுப்பப்பட்டது. ஆனால் ஒரு தடவைகூட அவை மாற்றப்படாமல், துருவேறிக் கசிந்து, 2022-இல் இடித்துத் தள்ளப்பட்டது. கட்டியவரின் கற்பனையில் குறையில்லை. உடைமையாளர்கள் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளாமற்போனதே குறை. மேலும், ஜப்பானில் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன; வீட்டு விலை என்றைக்கும் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிய தேசம், 1990-களில் நிலவிலை சரிந்ததைக் கண்ணால் கண்ட தேசம் அது. இன்னும் ஒரு வித்தியாசத்தை, கேள்வி கேட்ட தம்பி மறந்துவிடலாகாது. அந்நாட்டில் பல்லாண்டுகளாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த மாறும் வட்டியில் வீட்டுக்கடன் கிடைத்துவந்தது. 40 லட்ச ரூபாயை 20 ஆண்டுக் கெடுவில் நூற்றுக்கு 1 வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 18,400 ரூபாய். அதையே நூற்றுக்கு 8.5 வட்டியில் வாங்கினால் சுமார் 34,700 ரூபாய். அவர்களுக்குப் பொருந்திய யோசனை நமக்கு அப்படியே பொருந்தாமற்போவதற்கு இந்த ஒரு கணக்கே போதுமானது.

முதலீடாக வாங்க எண்ணும் தம்பிக்கு அந்தக் கணக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஓர் உதாரணத்துக்கு, 1,000 சதுர அடி வீடு, கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5, புதிய அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக ஐந்தரை லட்சம் சேர்ந்து கைமுதல் ஐம்பத்தைந்தரை லட்சமாகிறது. மாதம் 15,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 1,80,000. பராமரிப்புக்கு மாதம் 3,000 வீதம் கழித்து, குடித்தனக்காரர் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் பூட்டிக்கிடப்பதையும் சொத்துவரியையும் கழித்தால், கையில் நிற்பது ஒன்றேகால் லட்சம் மட்டில், அதாவது நூற்றுக்கு இரண்டேகால். அதற்காக நீங்கள் செலுத்தும் வட்டியோ, மேற்சொன்ன கணக்கின்படி, நூற்றுக்கு எட்டரை. இந்த இடைவெளியை விலையேற்றம் நிரப்பிவிடும் என்பதுதான் விற்பவர் தரும் வாக்குறுதி. பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து நம் ஜில்லாவில் அந்த வாக்குறுதி எவ்வளவு உரத்த குரலில் சொல்லப்படுகிறது என்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நான் சொல்ல விரும்புவது, வாடகை என்பது ஒரு தொழிற்சாலைக் கதவின் நிழலில் வளரும் செடி என்பதே. திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் முதல் தேதி மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஷிப்டு பஸ்கள் நின்றுபோனால் ‘டூலெட்’ பலகைகள் முளைக்கும். வேலை பெருகும் காலத்திலும் வாடகை பெருகும் என்பதற்கு உறுதியில்லை. வல்லம் வடகாலில் 2024-இல் 18,720 தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதியை அரசாங்கமே கட்டித் திறந்தது நினைவிருக்கலாம். ஆகவே, உங்கள் சம்பளமும் உங்கள் வாடகை வருமானமும் ஒரே தொழிற்சாலையை நம்பியிருக்குமானால், அது முதலீடாகாது; இரண்டு முட்டையையும் ஒரே கூடையில் வைத்து, அந்தக் கூடையையும் கடனுக்கு வாங்கியதாகும்.

குடியிருக்கவே வாங்குகிறேன் என்பவருக்கு என் அபிப்பிராயம் வேறு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் உத்தியோகம், இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தூரம் ஆகியவற்றை ரூபாயில் மட்டும் அளக்க முடியாது. குறைந்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டு அங்கேயே இருக்கப்போகிறோம் என்ற நிச்சயமும், தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேற்போகாது என்ற நிச்சயமும் இருக்குமானால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குமுன் செய்யவேண்டிய காரியங்களில் சோம்பல் கூடாது. 2014 ஜூன் 28-ஆம் தேதி, அன்று நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மழைநாளில் அப்படியே சரிந்து 61 உயிர்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சியிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அவ்வீடுகளுக்குப் பணம் கட்டியிருந்தவர்களும் உங்களைப்போல் மாதச் சம்பளக்காரர்களே.

அந்த விபத்துக்குப்பின் 2016-இல் வந்த ரெரா என்னும் வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் கையில் சில ஆயுதங்களைத் தந்திருக்கிறது. அவற்றை எடுத்து உபயோகியுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் எதுவும் பதிவெண் இல்லாமல் விற்கப்படலாகாது. ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பாகம் அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்கவேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தென்பட்டால் கட்டியவரே சரிசெய்து தரவேண்டும். விலையைக் கார்ப்பெட் ஏரியா என்னும் உட்புற உபயோகப் பரப்புக்குக் கணக்கிட்டுக் கேளுங்கள்; சூப்பர் பில்டப் என்ற பெயரில் மாடிப்படியையும் லிப்டையும் நடைபாதையையும் சேர்த்து 1,000 என்று சொல்லப்படும் வீடு, உள்ளே அளந்தால் 700 ஆக இருப்பது சர்வ சாதாரணம். தாய்ப்பத்திரத்தையும், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும், பவர் பத்திரத்தின்பேரில் விற்பதாயின் அந்தப் பவர் இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதையும் வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கி கடன் கொடுக்கிறதே என்று நீங்கள் ஆறுதலடைவது, வங்கி தன் பணத்துக்குத் தேடிக்கொள்ளும் பாதுகாப்பை உங்கள் பாதுகாப்பாக எண்ணி ஏமாறுவதாகும். சித்திரையில் வீடு பார்க்கப் போகாதீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் போங்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்த பிறகு, ஏரி எது, வாய்க்கால் எது என்று கிராம வரைபடத்தில் தேடிப்பார்த்தவர்கள், அதை வாங்குமுன் பார்த்திருக்கலாம்.

இவ்வளவையும் பார்த்தபின்னும் பெரும்பாலோர் பார்க்கத் தவறுவது ஒன்றுண்டு. என் தமக்கை மகன் ஐந்தாம் மாடியில் வாங்கிய வீட்டுக்கு இரண்டாண்டுக்குமுன் போயிருந்தேன். கட்டடத்துக்கு வயது பதினைந்து. லிப்டு நின்று மூன்று மாதமாகியிருந்தது. பழுதுபார்க்கச் சில லட்சம் வேண்டும். சங்கத்தின் கையிருப்பில் பணமில்லை. முதல் மாடிக்காரர்கள், நாங்கள் லிப்டில் ஏறுவதே இல்லை, நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் போனை எடுப்பதில்லை. முந்திய செயலாளர் கணக்கை ஒப்படைக்கவில்லை. மூட்டுவலிக்காரியான என் தமக்கையை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அன்று, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படிப்படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சுவரில் விரிசலில்லை. தரை பளபளவென்றுதான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது அந்த அறுபது குடும்பங்களுக்கு இடையிலிருந்த ஒற்றுமை.

தம்பிமார்களே, தங்கைமார்களே, நீங்கள் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த நம் கோயில் பிராகாரச் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்றிருக்கிறது. 15 படுக்கைகளோடு இங்கே நடந்த வீரசோழன் என்னும் ஆதுலசாலையாகிய மருத்துவமனையைப் பற்றி உலகறிந்த சாசனம் அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதிசயமாக இருப்பது, மருத்துவனுக்கு எவ்வளவு, சல்லியக்கிரியை என்னும் அறுவைச் சிகிச்சை செய்பவனுக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவனுக்கு எவ்வளவு, விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்று ஒவ்வொரு செலவும் பிரித்துச் சொல்லப்பட்டு, அதற்கு வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டிருப்பதுதான். கட்டியதோடு கடமை முடிந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. கட்டடம் நாளை எப்படி நடக்கும் என்பதையும் கல்லில் வெட்டினார்கள். அதற்கும் முந்தி, 919, 921-ஆம் ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சபையார், குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் எழுதத் தகுதியுள்ளவன் வரி செலுத்தும் நிலமும், தன் சொந்த மனையில் எடுத்த வீடும் உடையவனாக இருக்கவேண்டும் என்று விதித்ததோடு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்றும் விதித்தார்கள். சொந்த மனை என்ற முதல் தகுதியை அடுக்ககம் உங்களுக்கு முழுமையாகத் தராது. ஆகவே, கணக்கு என்ற இரண்டாவது தர்மத்தை நீங்கள் இரட்டிப்பாகக் காக்கவேண்டும்.

பழைய அடுக்ககமானால், வாங்குமுன் அதன் சங்கத்தின் மூன்றாண்டு வரவுசெலவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுதுபார்ப்பு நிதி எவ்வளவு, பாக்கிதாரர் எத்தனை பேர், பெயின்டு கடைசியாக எப்போது அடித்தார்கள், மொட்டைமாடி ஒழுகுகிறதா என்று கேளுங்கள். காவற்காரரிடமும், பம்பு போடுகிறவரிடமும், மாலையில் உட்கார்ந்து பேசும் முதியவர்களிடமும் பேசிப்பாருங்கள். புதியதானால், குடிபுகுந்த முதல் ஆண்டிலேயே சங்கத்தைப் பதிவு செய்து, பராமரிப்புக்கு வேறாகப் பழுதுபார்ப்புச் சேமிப்பைத் தொடங்குங்கள். 2022-இல் இயற்றப்பட்டு 2024-இல் அமலுக்கு வந்த நம் மாநில அடுக்கக உடைமைச் சட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உடைமையாளரின் சம்மதம் போதும் என்கிறது. நாற்பது ஆண்டு கழித்து உங்கள் மண்பங்கு பலன் தருவதும் தராததும், உங்கள் அண்டைவீட்டாரோடு நீங்கள் அன்றுவரை பேச்சுவார்த்தையில் இருப்பதைப் பொறுத்தது. ஆறெல்லை வீட்டில் ஆறு பக்கத்திலும் இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களை மதிப்பிடாமல் சதுர அடியை மதிப்பிடுவது அரை மதிப்பீடு.

இங்குள்ள உங்கள் பாட்டன் மனையைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். முன்பணத்துக்காக அதை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்; அதில் இன்னமும் மேல்நோக்கி மரம் வளர்கிறது, கீழ்நோக்கிக் கிணறு இருக்கிறது. பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, வரியைக் கட்டி வையுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்ட தம்பி மனம் கலங்கவேண்டாம். வரைவு ஒப்பந்தத்தின் நகலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வரட்டும், மற்றவர்களும் வரலாம். கண் மங்கினாலும் பத்திரம் படிக்க எனக்கு இன்னும் தெம்பிருக்கிறது. கோயில் பிராகாரத்திலேயே உட்கார்ந்து, நான்கு திக்கும் மேலும் கீழுமாக ஆறெல்லையையும் வாசித்துப் பார்ப்போம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
திருமுக்கூடல் பழைய பத்திர எழுத்தன்.